புத்தரின் முதுகுப் பக்கம்

— இத எடை போட்டுப் பாத்தீங்களாண்ணே?

— எங்கம்மாவையா?

— ஜாடியச் சொன்னேன்.

— ஜாடிக்குள்ள எங்கம்மா இருக்கா தங்கச்சி. அவள யாரு எடை போடுவா? உயிரோட இருந்தப்பவே கிளினிக்ல தராசு மேல ஏற மாட்டா. நர்ஸு வந்து கெஞ்சணும்.

— இருக்காங்கன்னு நீங்க சொல்றீங்க. இருக்காங்களான்னு கேக்கத்தான் நான் வந்திருக்கேன்.

— தெரியும்லா. மொதல்ல உக்காரு. இந்த அட்டையப் போட்டுக்க, தரை ஜில்லுன்னு ஏறும். நல்லா நனைஞ்சுட்டே. அக்கரையில பிறையிலேருந்து மோட்டார் சைக்கிள்லயா வந்தே?

— பஸ்லதான். பாலத்து மேல ரொம்ப நேரம் நின்னுச்சு. மழையில ரெண்டு பக்கமும் கடல் இருக்கா இல்லையான்னே தெரியல. வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான். வானத்துல பஸ் நிக்கிற மாதிரி.

— அப்படித்தான் இருக்கும். ஃபெரியில எஞ்சின் வேலை பாத்தவன் நான். பெரிய மழைன்னா ரெண்டு கரையும் காணாமப் போயிடும். எஞ்சின் சத்தம் மட்டும் கேக்கும். எந்தப் பக்கம் போறோம்னு கீழ இருக்கிற எனக்குத் தெரியாது. ஆனா போய்ச் சேந்துடும்லா.

— ஆ ஹோக் அண்ணே, நான் கதை பேச வரல. போன்லயே சொன்னேன்ல, மூணு தடவ.

— ரெண்டு தடவ. ஒரு தடவ நீ கட் பண்ணிட்டே.

— பின்ன? புருஷன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. முன்னபின்ன தெரியாத ஆளு போன் பண்ணி, "லோகேஸ்வரியா பேசுறது? உங்க வீட்டுக்காரரு காப்பியா, டீயா?"ன்னு கேட்டா, கட் பண்ணாம என்ன பண்ணுவாங்க?

— அவசியமாத்தான் கேட்டேன். சொல்றேன், அவசரப்படாதே.

— சீன ஆளுன்னுகூட நான் நெனைக்கல. ஏதோ எஸ்டேட்டுத் தமிழாளு குடிச்சுட்டுப் பேசுறாருன்னு நெனச்சேன்.

— எஸ்டேட்டு ஆளுதான். குடிக்கல, அவ்வளவுதான். நிபோங் தெபால் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள எங்கப்பா மளிகைக் கடை வச்சிருந்தாரு. சீனப் பள்ளிக்கூடம் தூரம், சைக்கிள் கெடையாது. மூணாவது வரைக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியிலதான் படிச்சேன். வாத்தியாரு அடிச்ச அடியில தமிழ் எலும்புல ஒட்டிக்கிச்சு.

— இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? முன்னால எல்லாம் தங்கமா மின்னுச்சு.

— முன்னால அவரு முகம். டூரிஸ்ட்டு எல்லாம் அங்கதான் நிப்பாங்க. நாம முதுகுப் பக்கம் வந்துட்டோம். புத்தரு ஒருக்களிச்சுப் படுத்திருக்காருல்ல, அவரு முதுகுக்குப் பின்னால இந்த சுவரு முழுக்க மாடம். மாடத்துக்கு ஒரு ஜாடி, ஜாடிக்கு ஒரு போட்டோ. இந்தப் பக்கம் சொந்தக்காரங்க மட்டும்தான் வருவாங்க.

— தூங்குறவரு முதுகுக்குப் பின்னால எல்லாரும் ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கு.

— தூங்கல தங்கச்சி. உயிர் போற நேரம் அது. படுத்துக்கிட்டே போயிட்டாரு.

— ஓ.

— ஆமா.

— உங்கம்மா போட்டோவுல என்னையே முறைக்கிறாங்க.

— எல்லாரையும்தான். போட்டோக்காரன் "சிரிங்க ஆன்ட்டி"ன்னான். "எதுக்கு?"ன்னு கேட்டா. அந்த "எதுக்கு"லதான் படம் எடுத்துட்டான்.

— அண்ணே, எனக்கு எல்லாம் கரெக்டா இருக்கணும். நான் வரிசையா சொல்றேன், தப்புன்னா நிறுத்துங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரே நாள், ஒரே மின்சுடலை. காலையில என் வீட்டுக்காரரு குணாளன். அவருக்கு அடுத்து உங்கம்மா. மறுநாள் விடிஞ்சதும் எலும்பும் சாம்பலுமா ரெண்டு தட்டு வெளிய வந்துச்சு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. சரியா?

— சரி.

— மூணு மாசத்துக்கு முன்னால உங்களுக்கு ஒரு லெட்டர், எனக்கு ஒரு லெட்டர். பழைய பதிவேட்டச் சரி பாத்தாங்களாம். அன்னிக்குத் தேதியில ரெண்டு தட்டோட எண்ணும் அடிச்சுத் திருத்தியிருக்கு. திருத்தினது சரியா, திருத்துறதுக்கு முன்னால இருந்தது சரியான்னு அவங்களுக்கே தெரியல. எழுதினவரு இப்ப இல்ல. வருந்துகிறோம்னு கீழ ஒரு சீல்.

— சரி.

— லேப்ல கேட்டேன். அந்தச் சூட்டுல வெந்ததுக்கு அப்பறம் எந்தச் சோதனையிலயும் ஆளு தெரியாதுன்னுட்டாங்க.

— நானும் கேட்டேன். எனக்கும் அதேதான் சொன்னாங்க.

— எடை போட்டா?

— எங்கம்மா பெருத்த உடம்பு. ஆனா எலும்பு சின்னது, கோழி எலும்பு மாதிரி. உன் வீட்டுக்காரரு?

— கடைசியில முப்பத்தெட்டு கிலோ. ஆனா ஆறடி ஆளு.

— அப்ப எடைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

— முடியாது.

— மழை வலுக்குது. இந்தத் தகரத்து மேல விழுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வந்துடும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க உக்காந்து பலதடவ தூங்கியிருக்கேன். எழுந்திரிச்சுப் பாத்தா எத்தன மணின்னு தெரியாது, எந்த வருஷம்னும் தெரியாது. அம்மா மட்டும் முறைச்சுக்கிட்டு இருப்பா.

— நீங்களேதான் இதுக்குள்ள எடுத்து வச்சீங்களா?

— நாந்தானே மூத்தவன். எங்க வழக்கம் தெரியுமா உனக்கு? நீளமான குச்சி கொடுப்பாங்க, நம்ம மீ நூடுல்ஸ் சாப்பிடுறோமே அந்த மாதிரி. கால் எலும்பு மொதல்ல போகணும். அப்பறம் முட்டி, இடுப்பு, விலா, கை. மண்டை ஓடு கடைசியா மேல. அப்பத்தான் உள்ள உக்காந்த மாதிரி இருப்பாங்க. மாத்தி வச்சா தலைகீழா நிக்கணும், பாவம்.

— எவ்வளவு நேரம் ஆச்சு?

— ஒரு மணி நேரத்துக்கு மேல. கால் விரல் எலும்பு ரொம்பச் சின்னது, குச்சியில நிக்காது, வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. சுடலை மேஸ்திரி அவசரப்படுத்தினான். "கையால அள்ளிப் போடுங்க அங்கிள்"ன்னான். மாட்டேன்னுட்டேன்.

— எங்க ஆளுங்க அள்ளிதான் போட்டாங்க. அதுகூட நான் பாக்கல. பொம்பளைங்க சுடலைக்கு வரக்கூடாது, படகுல ஏறக்கூடாதுன்னு வாசு ஒரே பிடியா நின்னாரு. என் வீட்டுக்காரரோட தம்பி. பால் ஊத்தினது, பானையில அள்ளினது, படகு எடுத்துப் போயி கடல்ல கரைச்சது, எல்லாம் அவருதான்.

— நீ?

— நான் வீட்ல. வாசலக் கழுவி விட்டுட்டு உக்காந்திருந்தேன். மக பிரமிளா பக்கத்துல அழுதுக்கிட்டு இருந்தா. எனக்கு அழுகை வரல. அடுத்து என்ன வேலைன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

— ம்.

— அண்ணே.

— சொல்லு.

— அந்தத் தட்டு அவரோடதா இருந்திருந்தா... இப்ப இதுக்குள்ள அவரு உக்காந்திருக்காரா?

— உக்காந்திருக்காரு. நேரா. முதுகு வளையாம.

— கடைசி நாலு மாசம் அவரால உக்காரவே முடியலண்ணே. தலையணைய அடுக்கி அடுக்கிப் பாத்தேன். சரிஞ்சு சரிஞ்சு விழுந்துடுவாரு.

— இந்தா, துடைச்சுக்க. புது டிஸ்யூதான்.

— மழைத் தண்ணி.

— ஆமா, மழைத் தண்ணி. அதையும் துடைச்சுக்க.

— நான் வந்த விஷயத்தச் சொல்லிடுறேன். நேராவே கேக்குறேன். இந்த ஜாடிய எனக்குக் கொடுத்துடுங்க. கடல்ல கரைச்சுடுறேன்.

— நெனச்சேன்.

— கேளுங்க. எண் மாறலன்னு வைங்க. அவரு அன்னிக்கே கரைஞ்சுட்டாரு, இதுல இருக்கறது உங்கம்மா. மாறிடுச்சுன்னு வைங்க. அன்னிக்குக் கரைஞ்சது உங்கம்மா, இதுல இருக்கறது அவரு. இப்ப இதையும் கரைச்சுட்டா, மாறியிருந்தாலும் மாறாட்டியும் அவரு கரைஞ்சவருதான். எனக்கு அதுக்கப்பறம் சந்தேகமே இருக்காது.

— உனக்கு இருக்காது. எங்கம்மாவுக்கு? ரெண்டு வழியிலயும் எங்கம்மா தண்ணிக்குள்ள. அதானே?

— ஆமாண்ணே. அதுக்குத்தான் உங்ககிட்டக் கேட்டு நிக்கிறேன்.

— எங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்றேன் கேளு. அவளோட அண்ணன் மீன் பிடிக்கப் போயி திரும்பி வரல. அவளுக்கு அப்ப ஏழு வயசு. அதுலேருந்து கடல்னா கண்ண மூடிக்குவா. எனக்கு ஃபெரியில வேலை கெடைச்சு நான் இந்தத் தீவுக்கு வந்தேன். அவ அக்கரையில. என் ஃபெரியில ஒரு நாள்கூட ஏறல. மகனப் பாக்கணும்னா அக்கரை ஃபெரித் துறையில வந்து நிப்பா, தண்ணிக்கு முதுகக் காட்டிக்கிட்டு. அஞ்சு வருஷம் அப்படியே ஓடிச்சு. எம்பத்தஞ்சுல பாலம் தொறந்தாங்க பாரு, அப்பறம்தான் வந்தா. பஸ்ல. பாலம் முழுக்கக் கண்ண மூடிக்கிட்டு. "முடிஞ்சுதா, முடிஞ்சுதா"ன்னு கண்டக்டரக் கேட்டுக்கிட்டே வந்தாளாம்.

— அப்ப அந்த லெட்டர் வந்தப்ப உங்களுக்கு...

— பைத்தியம் புடிச்சிடுச்சு. உண்மையச் சொல்றேன். நான் பெரிய பக்தி ஆளு இல்ல. ஊதுபத்தி கொளுத்துவேன், கும்புடுவேன், போயி சாப்பிடுவேன். லெட்டர் வந்ததும் இங்க இருக்கிற பிக்கு சாமிகிட்ட ஓடினேன். தாய்லாந்து சாமி, மலாய் அரைகுறையாப் பேசுவாரு. "என் அம்மா இதுல இருக்காளா, கடல்ல இருக்காளா? சொல்லுங்க"ன்னேன்.

— என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல. சும்மா உக்காந்திருந்தாரு. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்குக் காது கேக்கலயோ, இல்ல அவருக்குக் கேக்கலயோன்னு இருந்துச்சு. மறு வாரம் போயி திரும்பக் கேட்டேன். இந்த தடவ மாத்திக் கேட்டேன். "அம்மா இருக்காளா? இல்லையா? இருந்தும் இல்லாமயும் இருக்காளா? இருக்கறதும் இல்ல, இல்லாததும் இல்லையா?" வக்கீல் மாதிரி நாலா மடிச்சுக் கேட்டேன். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கணும்லா.

— நல்லா இருக்கே. அதுக்காவது பேசினாரா?

— சிரிச்சாரு. "இதே நாலையும் புத்தருகிட்டயே ஒரு ஆளு கேட்டிருக்கான். செத்தவங்க இருக்காங்களா, இல்லையா, ரெண்டுமா, ரெண்டும் இல்லையான்னு. அவரு பதில் சொல்லல"ன்னாரு. "தெரியாததால சொல்லலயா?"ன்னேன். "அதுக்கும் பதில் இல்ல, வாழைப்பழம் சாப்பிடு"ன்னாரு.

— எனக்கா இருந்தா கோபம் வந்திருக்கும்.

— எனக்கும் வந்துச்சு. பழத்த அங்கயே வச்சுட்டு வந்துட்டேன். ஆனா அடுத்த ஞாயிறும் போனேன். ஏழு ஞாயிறு. ஏழு தடவையும் அதே கேள்வி. எட்டாவது ஞாயிறு என்ன ஆச்சு தெரியுமா?

— பதில் சொல்லிட்டாரா?

— இல்லலா. நான் கேக்க மறந்துட்டேன். இந்த சுவருக்குப் பின்னால சாக்கடை அடைச்சிருந்துச்சு. நானும் அவரும் கம்பி விட்டுக் குத்தினோம், கையெல்லாம் சேறு. தண்ணி சர்ருன்னு ஓடினப்ப ரெண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோசம். வீட்டுக்குப் போயி சோறு சாப்பிடுறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, இன்னிக்குக் கேக்கலையேன்னு. ஒரு மாதிரி பயமாக்கூட இருந்துச்சு. அம்மாவ மறந்துட்டேனான்னு பாத்தேன். மறக்கல. கேள்வியத்தான் மறந்திருக்கேன்.

— அது எப்படிண்ணே முடியும்? கேள்வி அப்படியேதானே இருக்கு?

— இருக்கு. அதோ அந்தத் தூண் மாதிரி நிக்குது. நான் அதச் சுத்தி நடந்து போறேன். முன்னால அது மேல போயி போயி முட்டிக்கிட்டு இருந்தேன்.

— எனக்கு அந்த மாதிரிப் பேச்சு புரியாது. ஃபேக்டரியில கியூசி வேலை பாக்குறவ நான், இருவது வருஷமா. பொருள் வரும், சோதிப்பேன். நல்லதுன்னா பச்சை ஸ்டிக்கர். கெட்டதுன்னா சிவப்பு. வேற பேச்சே இல்ல.

— நல்லதா கெட்டதான்னே தெரியலன்னா?

— மஞ்சள். ஹோல்டுன்னு எழுதி தனி ரேக்ல வைக்கணும்.

— எத்தன நாளைக்கு?

— ஏழு நாள். அதுக்குள்ள பச்சையா சிவப்பான்னு முடிவு பண்ணலன்னா மேனேஜர் கத்துவாரு.

— இங்க படுத்திருக்காரே, இவரு ரெண்டாயிரத்து ஐநூறு வருஷமா மஞ்சள ஒட்டி வச்சிருக்காரு. எந்த மேனேஜரும் கத்தல.

— சிரிக்க வைக்காதீங்கண்ணே. உங்கம்மா பாக்குறாங்க.

— பாக்கட்டும். அவளும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. இந்தா, இந்த ப்ளாஸ்டிக் பையப் பிடி. சிந்திடாம.

— என்ன இது, ரெண்டு பாக்கெட்டு?

— ஒண்ணு காப்பி ஓ, பால் ஊத்தாதது, அம்மாவுக்கு. வாரா வாரம் வாங்கிட்டு வருவேன். லெட்டர் வந்த அப்பறம் யோசிச்சேன். உள்ள உன் வீட்டுக்காரரு உக்காந்திருந்தா, ரெண்டு வருஷமா யாரோ ஒருத்தன் ஞாயித்துக்கிழமை வந்து, சீனத்துல அம்மான்னு கூப்பிட்டு, "ஆ மா, காப்பி குடி"ங்கறான். அவரு என்ன நெனப்பாரு? அதான் சுடலை ஆபீஸ்ல நம்பர் வாங்கி உனக்குப் போன் பண்ணேன். நீ கட் பண்ணிட்டே. நானா குத்துமதிப்பா டீதான்னு தே ஓ வாங்கிட்டு வந்து வச்சேன்.

— சீனி போட்டா?

— ரெண்டு கரண்டி.

— ஐயோ, அவருக்குச் சீனி வியாதிண்ணே. தே ஓ கொசோங்தான், சீனியே இல்லாமத்தான் குடிப்பாரு.

— ஐயோயோ. மூணு மாசமா கொடுக்கிறேனே.

— பரவாயில்ல விடுங்க. ஆசைப்பட்டுக்கிட்டே செத்தாரு. இப்ப என்ன, காலையா வெட்டப் போறாங்க?

— ஒரு கனவு சொல்லவா?

— சொல்லுங்க.

— சொன்னா நீ ரெக்கார்டு கேப்பே.

— கேக்கல. சொல்லுங்க.

— போன மாசம் இங்க உக்காந்த இடத்துலயே தூங்கிட்டேன். பழைய ஃபெரி. மஞ்சள் கலர் அடிச்சது, இப்ப அது ஓடுறதில்ல. மேல் தட்டுல அம்மா உக்காந்திருக்கா. ஃபெரியில! காலத் தூக்கி பெஞ்சு மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு தமிழாளு, நீலச் சட்டை, உயரமா. அவளோட குடைய அவரு பிடிச்சிருக்காரு. அம்மா அவரத் திட்டிக்கிட்டே வரா. "சரியாப் பிடி, சாயுது பாரு"ன்னு. சீனத்துல திட்டுறா. அவரு தமிழ்ல "சரிங்கம்மா, சரிங்கம்மா"ங்கறாரு.

— நீலச் சட்டையா? முழுக்கையா, அரைக்கையா?

— பாத்தியா, ஆரம்பிச்சுட்டே.

— எந்தக் கையில கடிகாரம் கட்டியிருந்தாரு? வலது கையா? அவரு வலது கையிலதான் கட்டுவாரு அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— தங்கச்சி. தங்கச்சி, கேளு. கனவுல யாரு கடிகாரத்தப் பாப்பா? ஊர்ல பாதிப் பேரு நீலச் சட்டைதான். அது அவருன்னு நான் சொல்லல. அவரில்லன்னும் சொல்லல. கடல் அமைதியா இருந்துச்சு. எந்தக் கரைக்குப் போகுதுன்னு தெரியல. ஆனா அம்மா கண்ணத் தொறந்து வச்சிருந்தா. எழுந்திரிச்சப்ப மனசு லேசா இருந்துச்சு. அவ்வளவுதான்லா.

— என் கனவுல அவரு ஒரு தடவகூட வரல. ரெண்டு வருஷமா. தூங்கப் போறப்ப கூப்பிட்டுப் பாப்பேன். வேற யார் யாரோ வராங்க. ஃபேக்டரி ஆளுங்க வராங்க, செத்துப்போன பூனை வருது. அவரு வரல.

— அதான் இவ்வளவு தூரம் வந்தியா?

— எங்க இருக்காருன்னு தெரிஞ்சா போதும்ணே.

— ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதே. அந்தப் பதிவேட்டுல திருத்தலே இல்லன்னு வச்சுக்க. எண் பளிச்சுன்னு இருக்கு. இது அம்மா, அது குணாளன், சந்தேகமே இல்ல. அப்ப அவரு எங்க இருக்காருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமா?

— சாம்பல் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

— நான் சாம்பலக் கேக்கல. லெட்டர் வர்றதுக்கு முன்னால இருந்த ரெண்டு வருஷமும் உனக்குத் தெரிஞ்சுதா?

— இல்ல. தெரியல. அப்பவும் தினம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சமைக்கிறப்ப, பஸ்ல, லைன்ல நிக்கிறப்ப. லெட்டர் வந்ததும்... ஒரு வகையில நிம்மதியா இருந்துச்சுண்ணே. யாரோ தப்புப் பண்ணிட்டாங்க, அதனாலதான் எனக்குத் தெரியலன்னு.

— ம். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

— நெசமாவா?

— நெசமாத்தான். யாரையாவது புடிச்சுக் கேக்கலாம் பாரு. லெட்டருக்குக் கீழ போன் நம்பர் இருந்துச்சு. மத்ததுக்கு நம்பர் எங்க இருக்கு?

— மழை கொறைஞ்ச மாதிரி இருக்கு.

— கொறையும், திரும்ப வரும். கொஞ்சம் தள்ளி உக்காரு, அந்தப் பை உன் பின்னால இருக்கு. ஆங், அதான். இதப் பாரு.

— என்ன ஃபாரம் இது?

— மாடத்துலேருந்து ஜாடிய எடுக்கணும்னா ஆபீஸ்ல இதக் கொடுக்கணும். நேத்தே வாங்கி வச்சுட்டேன். தம்பிங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல, மூத்தவன் நான் சொன்னா சரிம்பாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— நேத்தேவா? அப்ப நான் கேக்கறதுக்கு முன்னாலயே...

— நீ போன்ல பேசின தொனியிலயே தெரிஞ்சு போச்சு. முடியாதுன்னு சொல்லத்தான் மொதல்ல இருந்தேன். அப்பறம் இங்க வந்து உக்காந்து பாத்தேன். நான் கேக்க மறந்தாச்சு. நீ இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கே. கேட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்குத்தான் கையில ஏதாவது வேணும்.

— உங்கம்மாண்ணே. தண்ணி பயம்னு சொன்னீங்களே.

— திட்டுவா. இதுக்குள்ள அவ இருந்தா கண்டிப்பாத் திட்டுவா. நானும் உன்கூடப் படகுல வரேன். கரைக்கிற வரைக்கும் "முடிஞ்சுது ஆ மா, முடிஞ்சுது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அவளத் தனியா அனுப்ப மாட்டேன். அந்த ஒண்ணு மட்டும் நீ ஒத்துக்கணும்.

— அண்ணே...

— பேனா எழுத மாட்டேங்குது பாரு. ஈரம். இரு, உதறினா வரும்.

— அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க.

— ஏன்? பேரு ஏதும் தப்பா எழுதிட்டேனா?

— பேரு சரியா இருக்கு. காரணம்னு ஒரு கோடு இருக்குல்ல, அதுல என்ன எழுதியிருக்கீங்க?

— கடல்ல கரைக்கறதுக்குன்னு மலாய்ல எழுதியிருக்கேன்.

— அது பொய்.

— என்ன பொய்?

— கடைசி நாளு சாயங்காலம் ஆஸ்பத்திரியில அவருக்குக் கொஞ்ச நேரம் நினைவு வந்துச்சு. "லோகா, நான் எங்க போவேன்?"னு கேட்டாரு. பயந்து கேக்கலண்ணே. பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸு எங்க போகுதுன்னு கேப்பாங்கல்ல, அந்த மாதிரி.

— நீ என்ன சொன்னே?

— எனக்கு என்ன தெரியும்? "வீட்டுக்குத்தான். நேரா வீட்டுக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்"ன்னேன். தலைய ஆட்டினாரு. நிம்மதியா ஆட்டினாரு. அப்படிச் சொல்லிட்டு நான் எப்படிண்ணே அவரக் கடலுக்கு அனுப்புவேன்?

— நீ அனுப்பல. வாசுதானே கொண்டு போனாரு?

— வாசு சுடலையிலேருந்து பானையோட வீட்டுக்கு வந்தாரு. தண்ணி ஏறினதும் வாங்கன்னு படகுக்காரன் சொல்லியிருந்தான். வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு பானைய வாசல் மாமரத்தடியில வச்சுட்டு, ஆம்பளைங்க எல்லாம் பசியாறப் போயிட்டாங்க. பிரமிளா குளிக்கப் போயிட்டா. எனக்கு அரை மணி நேரம் இருந்துச்சு.

— அரை மணி நேரத்துல என்ன பண்ணே?

— பிஸ்கட் டின் ஒண்ணு காலியா இருந்துச்சு. நல்லா மூடி இறுகுற டின். பானையில இருந்தத எல்லாம் அதுல மாத்தினேன். அது இப்பவும் சாமி அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கு. யாருக்கும் தெரியாது. தினம் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னால, "வந்துடுறேன்"னு அதுகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். லெட்டர் வந்ததுலேருந்து யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்னே தெரியல. இந்த ஜாடியையும் வாங்கிட்டுப் போயி டின்னு பக்கத்துல வச்சுட்டா, எதுல இருந்தாலும் அவரு வீட்லதானே இருப்பாரு? அதுக்குத்தான் வந்தேன். உங்ககிட்ட கடல்னு சொன்னேன். இப்ப வேணாம்ணே. இங்கயே உக்காந்திருக்கட்டும். யாரா இருந்தாலும்.

— இரு தங்கச்சி. இரு. வாசு படகுல போயி, மந்திரம் சொல்லி, பூப் போட்டு ஒரு பானையக் கவுத்தாருல்ல? அதுல என்ன இருந்துச்சு?

— எங்க தாமான்ல, வீட்டுக்குப் பக்கத்துலயே, சாஹித் அண்ணன் கடை. குச்சியில கறி குத்தி சாத்தே சுட்ட கரிச்சாம்பல். குச்சி கெடந்துச்சு, எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன். யாரு எதுல இருக்காங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா ரெண்டு பேருமே இன்னும் கரையிலதான் இருக்காங்க.